ஏறுகிற நாயும் கீழே நிற்கிற நாயும்

இலங்கையின் கிழக்குக் கரையில் குச்சவெளிப் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்கள் இதை மிருக வைத்தியரான என்னிடம் கடைசியாகத்தான் கேட்பார்கள். உண்ணிக்கு மருந்து, குட்டிக்குப் பூச்சி மருந்து, தடுப்பூசித் துண்டு எல்லாம் முடிந்து எழும்புகிற நேரத்தில் குரல் தாழும். எங்கட கடுவன் பக்கத்து வளவுக் கடுவனில ஏறுது. ஒப்பரேசன் செய்த பெட்டை இன்னொரு பெட்டையில ஏறுது. மூன்று மாதக் குட்டி தாயின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆடுது. பிள்ளைகளுக்கு முன்னால் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது, இதை நிற்பாட்ட ஊசி ஏதும் இல்லையா என்பார்கள். கேட்பவரின் முகத்தில் கவலையைவிட வெட்கம்தான் கூடத் தெரியும். அந்த வெட்கத்தை நான் சின்ன விஷயமாக எடுப்பதில்லை. அதுதான் பல நாய்களுக்கு விறகுக்கட்டையால் அடி வாங்கித் தருகிறது. சில நாய்களைச் சாக்கில் போட்டு ஊர் தாண்டிக் கொண்டுபோய் விடவும் வைக்கிறது. இந்தத் தொழில் எனக்குக் கற்றுத் தந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் இன்னொரு நாயில் ஏறுவதற்குப் பெரும்பாலும் காமமும் காரணமில்லை, அதிகார ஆசையும் காரணமில்லை. உடம்புக்குள் கூடிப்போன கிளர்ச்சி தனக்கு ஒரு வழி தேடிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஏறுகிற செயலை மட்டும் வைத்து ஒரு நாய்க்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கீழே நிற்கிற நாய் என்ன செய்கிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

இதை ஏற்பதற்கு நம் ஊர் மாட்டுக்காரர்களே வழி காட்டுகிறார்கள். திரியாயிலும் கும்புறுபிட்டியிலும் பசு வைத்திருப்பவர்கள் அது வேட்கைக்கு வந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு பசு இன்னொரு பசுவின் மேல் ஏறுகிறது. கீழே உள்ளது விலகி ஓடாமல் காலை ஊன்றி நிற்கிறது. அப்படி நிற்பதுதான் வேட்கையில் இருக்கும் பசு என்று சொல்லி, செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு ஆள் அனுப்புவார்கள். காலையில் நின்றால் மாலையில் ஊசி, மாலையில் நின்றால் மறுநாள் காலையில் ஊசி என்பது கிழக்கில் பால்மாடு வைத்திருப்போர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பெண் பெண்ணில் ஏறுகிறதே என்று அங்கே எவரும் தலையைக் குனிவதில்லை. மாட்டுப் பட்டியில் செய்தியாக எடுத்துக்கொள்ளும் அதே காட்சியை வீட்டு முற்றத்தில் நாய் செய்தால் ஏன் குற்றமாக்குகிறோம்? ஏறுவது ஆணுக்கு மட்டும் உரிய செயலல்ல என்பதும், மேலே இருப்பதைவிடக் கீழே நிற்பதைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும் என்பதும் மாட்டுக்காரருக்கு முன்பே தெரியும். நாய் விஷயத்திலும் அந்த அறிவைத்தான் கேட்கிறேன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பசுக்கள் ஒன்றிலொன்று ஏறுவது வேட்கைக் காலத்தோடு நெருங்கிக் கட்டுண்டது. நாய்கள் ஏறுவதற்கு அந்தக் கட்டுக் கிடையாது.

பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வேட்கைக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ மூன்று கிழமை நீடிக்கும். அதிலும் கடுவனை ஏற்கும் நாட்கள் ஒன்பது பத்துக்குள் அடங்கிவிடும். உண்மையான இணைவுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. கடுவன் நீண்ட நேரம் மோப்பம் பிடிக்கும், பெட்டை வாலை ஒரு பக்கம் ஒதுக்கி அசையாமல் நிற்கும், இணைந்த பின் இரண்டும் பின்பக்கம் பூட்டிக்கொண்டு பத்து நிமிடத்திலிருந்து அரை மணி வரைக்கும் எதிர்த் திசை பார்த்து நிற்கும். காமந்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் நாய்கள் ஏறுவது இந்த நாட்களைச் சுற்றியே நடந்திருக்க வேண்டும். நடப்பது வேறு. ஐந்து ஆறு கிழமைக் குட்டிகள், உடம்பில் பருவத்தின் சுவடே இல்லாதவை, உடன்பிறந்த குட்டிகளில் ஏறுகின்றன. கருப்பை எடுத்த பெட்டைகளும் விதை எடுத்த கடுவன்களும் ஏறுகின்றன. முன்பக்கம், விலாப்பக்கம், தலைப்பக்கம் என்று இனப்பெருக்கத்துக்கு எந்த விதத்திலும் உதவாத இடங்களில் ஏறுகின்றன. அமெரிக்காவில் மார்க் பெக்கோஃப் 1970களில் நாய், ஓநாய், கொயோட் குட்டிகளின் விளையாட்டை அணுவணுவாகக் கவனித்து எழுதியபோது, ஏறுவது விளையாட்டின் சாதாரணமான ஒரு பகுதி என்று காட்டினார். அவருக்கு முன்னரே கலிபோர்னியாவில் பீகிள் நாய்களை ஆராய்ந்த ஃபிராங்க் பீச் பெட்டைகளும் ஏறுவதைப் பதிவு செய்திருந்தார். வேட்கையில் இருக்கும் பெட்டைகூட எல்லாக் கடுவனையும் ஒன்றுபோல ஏற்பதில்லை, அதற்கென்று விருப்பு வெறுப்பு உண்டு என்பதையும் அவருடைய ஆய்வுகள் வெளிக்கொண்டுவந்தன.

அப்படியானால் எப்போது ஏறுகின்றன? இந்தக் கேள்விக்குக் குச்சவெளிக் கடற்கரையைவிட நல்ல பாடசாலை இல்லை. இங்கே வளர்ப்பு நாய் என்பது பெரும்பாலும் வீட்டுக்குள் கிடப்பதல்ல. சோறு ஒரு வளவில், படுக்கை மீன்வாடியில், காவல் தோட்டத்தில் என்று அவிழ்த்துவிட்டபடி திரிவது. தமிழ் வீட்டு நாயும் முஸ்லிம் வீட்டுத் தோட்டத்துக் காவல் நாயும் ஒரே மணலில்தான் சந்திக்கின்றன. கரைவலை இழுக்கிற காலையில் கம்பாக் கயிற்றைப் பிடித்து ஆட்கள் பின்னோக்கி நடக்கும் வரைக்கும் அவை மணலில் குழி பறித்துப் படுத்திருக்கும். வலையின் மடி கரையை நெருங்க, காகம் இறங்க, ஆட்களின் குரல் உயர, நாய்கள் எழும்பும். மீனுக்குக் கிட்டப் போனால் உதை விழும் என்று அவற்றுக்குத் தெரியும். போகாமலும் இருக்க முடியாது. வால் உயர்ந்து விறைக்கும், வாய் திறந்து நாக்கு நீளும், ஒன்றையொன்று சுற்றி ஓடும். அந்த நேரத்தில்தான் ஒன்று மற்றதன் இடுப்பை முன்னங்கால்களால் கட்டிப் பிடித்து ஏறும். கூர்ந்து பாருங்கள்: ஏறிய நாயின் கண் பெரும்பாலும் கீழே உள்ள நாயில் இராது, மடியில் இருக்கும். பத்து இருபது நொடி இடுப்பை அசைக்கும், இறங்கும், உடம்பை ஒரு தரம் உதறும், திரும்ப ஓடும். கீழே இருந்தது கடுவனா பெட்டையா என்பது அதற்கு ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை. வீட்டிலும் இதே கதைதான். படலை திறந்து உறவினர் வருகிறார்கள். நாய்க்கு மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக வருகின்றன. குரைப்பதா குழைவதா என்று தெரியாத அந்த இடைவெளியில் பக்கத்தில் நிற்கிற மற்ற நாயில் ஏறுகிறது. உலை கொதித்தால் மூடி தூக்கும் என்பதைப் போல, கிளர்ச்சி எல்லை தாண்டினால் உடம்புக்குத் தெரிந்த ஏதோ ஓர் அசைவு வெளியே வந்துவிடுகிறது. சில நாய்க்கு அது குரைப்பு, சில நாய்க்கு வாலைத் துரத்திச் சுழல்வது, சில நாய்க்கு ஏறுவது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு உந்துதல்களுக்கு இடையில் அகப்பட்ட விலங்கு மூன்றாவதாக, இடத்துக்குப் பொருந்தாத ஒரு செயலைச் செய்வது விலங்கு நடத்தையியலில் நன்றாக அறியப்பட்ட விஷயம். கோழி சண்டைக்கு நடுவில் திடீரென்று தரையைக் கொத்துவதும் அதைச் சேர்ந்ததே.

இதற்கு வருகிற பலமான மறுப்பு, நாய்க்கூட்டத்தில் தலைமையை நிறுவத்தான் ஏறுகிறது என்பது. ஏறுகிற நாய் தான் பெரியவன் என்று காட்டுகிறது, ஆகவே வளர்ப்பவர் அதை அடக்கி இடத்தில் வைக்க வேண்டும் என்று நாய் பழக்குபவர்கள் பலர் இன்னும் சொல்கிறார்கள். இந்தக் கருத்தின் வேரைத் தேடிப் போனால் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கண்டு ருடோல்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்வுக்குப் போகலாம். அடைப்புக்குள் கூட்டி வைக்கப்பட்ட ஓநாய்கள் இடத்துக்காக மோதிக்கொண்டன. அந்த மோதலை எல்லா ஓநாய்க்கும், பிறகு எல்லா நாய்க்கும் பொதுவாக்கிவிட்டார்கள். 1970இல் வெளிவந்த தன் நூலில் அதே கருத்தைப் பரப்பிய டேவிட் மெக், பிற்பாடு காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான், அடித்துப் பிடித்து எடுக்கிற தலைமை அங்கே இல்லை என்று 1999இல் எழுதினார். ஆனால் இந்த மறுப்பை இத்தோடு தள்ளிவிடுவது நேர்மையாகாது. அமெரிக்காவில் எரிக்கா பாவரும் பார்பரா ஸ்மட்ஸும் நாய்கள் இரண்டிரண்டாக விளையாடுவதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. துரத்துவதிலும் கீழே தள்ளுவதிலும் நாய்கள் முறை மாற்றிக்கொள்கின்றன. ஏறுவதில் அப்படி மாறியதை அவர்கள் காணவில்லை. ஒரு சோடியில் எது ஏறுகிறதோ அதுவே ஏறுகிறது. ஆகவே உயர்வு தாழ்வுக்கு இதில் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டாலும் அதிலிருந்து அடிக்க வேண்டும் என்ற முடிவு வராது. இரண்டு நாய்களுக்கிடையே இன்னது முன், இன்னது பின் என்று ஓர் ஒழுங்கு இருந்தால் அது சண்டையைக் குறைக்கிற ஒழுங்கு. நாம் தடியோடு உள்ளே புகுந்து குலைத்தால்தான் பல் வெளியே வரும். மனிதரின் காலைப் பிடித்து ஏறுகிற குட்டி வீட்டுத் தலைமையைக் கைப்பற்றப் பார்க்கிறது என்பதற்கோ எந்தச் சான்றும் இல்லை. அது விளையாட ஆள் தேடுகிறது, அல்லது களைத்துப்போய் உறங்க முடியாமல் இருக்கிறது. சிரித்தாலும் கத்தினாலும் அதற்குக் கவனம் கிடைக்கிறது. நாளைக்கும் அதையே செய்யும்.

அடுத்த மறுப்பு வைத்தியத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. ஏறுவதற்கும் ஓமோனுக்கும் தொடர்பில்லை என்றால் ஒப்பரேசனுக்குப் பிறகு ஏன் குறைகிறது? தொடர்பில்லை என்று நான் சொல்லவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஆண் ஓமோன் கடுவன் குட்டியின் மூளையைச் செதுக்கிவிடுகிறது. பிறகு பருவத்தில் அதே ஓமோன் கிளர்ச்சியின் வாசலைத் தாழ்த்துகிறது. விதையை எடுத்தால் இரண்டாவது மட்டும் போகும், முதலாவது இருக்கும். கலிபோர்னியாவில் 57 கடுவன் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1997இல் வந்தது. சிறுநீரால் அடையாளம் வைப்பது, ஏறுவது, ஊர் சுற்றுவது ஆகிய மூன்றும் ஒப்பரேசனுக்குப் பிறகு 60 வீதத்துக்கு மேற்பட்ட நாய்களில் பாதிக்குப் பாதியாவது குறைந்தன. அனேகமாக முற்றாக நின்றது என்று சொல்லத்தக்க மாற்றம் 25 முதல் 40 வீதமானவற்றிலேயே வந்தது. எந்த வயதில் செய்தார்கள் என்பது பலனைப் பெரிதாக மாற்றவில்லை. இந்தக் கணக்கை நான் ஒப்பரேசனுக்குக் கையொப்பம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று கருதுகிறேன். ஏனென்றால் இதைச் சொல்லாமல் விடுவதால் வருகிற கெடுதி பெரியது.

கருத்தடை செய்த நாய் திரும்ப ஏறுவதைக் கண்டவுடன் ஊரில் எழுகிற பேச்சு, ஒப்பரேசன் பிழைத்துப்போச்சு என்பதுதான். அந்தப் பேச்சு ஒரு தெருவில் பரவினால் அடுத்த தடவை நடமாடும் சேவை வரும்போது பெட்டைகளைக் கொண்டுவருவோர் குறைந்துவிடுவார்கள். இந்த நாட்டில் நாய்க்கட்டுப்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நெடுங்காலம் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே வழியாக இருந்தது. 2006இல் கொல்வதை அரசு நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் நம்பியது. 1973இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்த இலங்கையில் இப்போது ஆண்டுக்கு இருபது முப்பது பேர் என்ற அளவுக்கு அந்த எண் இறங்கியிருக்கிறது. அதில் முதற்பங்கு தடுப்பூசிக்கும் கடிபட்டவருக்கு உரிய நேரத்தில் கிடைக்கும் மருந்துக்கும் உரியது. ஆனால் ஆண்டுதோறும் புதிய குட்டிகள் தெருவுக்கு வந்துகொண்டே இருந்தால் தடுப்பூசி அவற்றை எட்டிப் பிடிக்க முடியாது, அதற்குத்தான் கருத்தடை. பெட்டைக்கு அது கருப்பையில் சீழ் பிடிப்பதைத் தடுக்கிறது, முதல் வேட்கைக்கு முன் செய்தால் மடிக்கட்டி வருவதையும் வெகுவாகக் குறைக்கிறது. கடுவன் பெட்டையைத் தேடி வீதிக்குப் போய் வாகனத்தில் அடிபடுவது குறைகிறது. கரையோர நாய்களில் நாம் அடிக்கடி காணும் பிறப்புறுப்புக் கட்டி இருக்கிறதே, பூக்கோவாபோல் கிளைத்து இரத்தம் சொட்டுவது, அது இணைவதாலும் நக்குவதாலும் உயிருள்ள புற்றுக் கலமே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவி வருவது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயில் தோன்றிய கலங்களின் வழித்தோன்றல்தான் இன்று உலகெங்கும் உள்ள அந்தக் கட்டி என்று மரபணு ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. வின்கிறிஸ்டீன் ஊசியைக் கிழமைக்கு ஒன்றாகச் சில கிழமைகள் போட்டால் பெரும்பாலும் குணமாகும். திரிகிற நாயைக் கிழமை தவறாமல் கொண்டுவருவதுதான் கடினம். கருத்தடையை இந்தப் பயன்களை வைத்து அளக்க வேண்டும். வளவில் இரண்டு நாய் விளையாடும்போது ஒன்று மற்றதில் ஏறியதை வைத்து அளந்தால், பலன் தந்த சத்திரசிகிச்சையைத் தோற்றதென்று சொல்லிவிடுவோம். விதை எடுத்த கடுவனுக்கு முதல் சில கிழமைகள் விந்து மிச்சம் இருக்கலாம் என்பதால் அக்காலத்தில் வேட்கைப் பெட்டையிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். கருப்பை எடுத்த பெட்டைக்குப் பின்னால் மாதங்கள் கழித்தும் ஊர்க் கடுவன்கள் கூட்டமாக வந்தாலோ, பின்பக்கம் வீங்கி இரத்தம் கண்டாலோ, சூலகத்தில் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். அதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். அது நடக்கிற விஷயந்தான். அந்தப் பெட்டை இன்னொரு நாயில் ஏறியது மட்டும் அதற்குச் சான்றாகாது.

இவ்வளவும் கேட்ட பிறகு, அப்படியென்றால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கிளர்ச்சிதான் காரணம் என்பதால் தீங்கு வராது என்று ஆகாது. இருபத்தைந்து கிலோ கடுவன் இடுப்பு நோகிற கிழட்டு நாயில் ஏறினால் அதற்கு வலிக்கும்; ஏறுவதை விரும்பாத நாய் திரும்பிக் கடிக்கும்; ஒரு கடி நாலு நாய்ச் சண்டையாகும். அதனால்தான் கீழே நிற்கிற நாயைப் பாருங்கள் என்கிறேன். அது உடம்பைத் தளர்த்தி, மற்றது ஏறி இறங்கியதும் திரும்பி முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினால் விளையாட்டுத் தொடர்கிறது என்று பொருள், விட்டுவிடலாம். வாலை வயிற்றுக்குள் செருகினாலோ, காதைப் பின்னே படிய வைத்து வாயை மூடி உறைந்து நின்றாலோ, ஆட்களின் காலுக்கிடையில் ஒளிந்தாலோ, உறுமினாலோ நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்கிற வார்ப்பட்டி இங்கே பெரும்பாலான நாய்களின் கழுத்தில் இல்லை. ஆனால் அவற்றுக்குப் பெயர் தெரியும், சோற்றுக் கோப்பையின் சத்தம் தெரியும். ஏறிய பிறகு கத்துவதைவிட, சுழன்று ஓடத் தொடங்குகிற முன்நேரத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தால் ஒரு கருவாட்டுத் தலை கொடுத்து, இரண்டு நிமிடம் பக்கத்தில் இருத்தி வைப்பது வேலை செய்யும். உறவினர் வருகிற நேரத்துக்கு அதைப் பின்வளவில் கட்டலாம். அடிப்பது வேலை செய்யாது. கிளர்ச்சியில் நிற்கிற நாய்க்கு அடி இன்னும் கிளர்ச்சியைத்தான் ஏற்றும்; அந்த அடியை அது பக்கத்தில் நின்ற நாயோடோ பிள்ளையோடோ இணைத்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஏறியதற்கு அடிபட்ட நாய் பிள்ளையைக் கடித்ததாக வந்தால் அதில் நாயின் குற்றம் குறைவு என்றே நான் சொல்வேன். பிள்ளைகளிடம் மறைப்பதைவிட, அது விளையாட்டு மிஞ்சிப்போய்ச் செய்கிறது, கூப்பிடு வரும் என்று சொல்லிக் கொடுப்பது நல்லது. மாட்டுப் பட்டியில் வளர்கிற பிள்ளைக்கு இது புதினமான பாடமில்லை.

வைத்தியர் தேவைப்படுகிற இடமும் உண்டு. இதுவரை ஏறாத நாய் திடீரென்று நாள் முழுக்க ஏறத் தொடங்கினால், பொருட்களில் உரசிக்கொண்டே திரிந்தால், அடிக்கடி உட்கார்ந்து பின்பக்கத்தை நக்கினால், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால் அல்லது இரத்தம் கலந்து போனால், அது சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம், தோல் அரிப்பாக இருக்கலாம், வயதான கடுவனில் புரோஸ்டேட் சுரப்பி வீக்கமாகவும் இருக்கலாம். கடுவனின் உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் சிவந்து காய்ந்து நின்றால் மணிக்கணக்கில் காத்திருக்கவே கூடாது. சுத்தமான தண்ணீரால் நனைத்து, ஈரத்துணி சுற்றி, அன்றைக்கே கொண்டுவர வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல், விளையாட்டு நடுவிலும் வாடி இரைச்சலிலும் மட்டும் ஏறுகிற நாய் என்றால், அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது குரலைத் தாழ்த்தாமல் சொன்னால் போதும்.